தேருக்கு முன் ஒரு கடைவாய்ப்பல்

ஆறு வருடம் மூன்றாவது டிரம்பெட் வாசித்தவனுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் புரியும். ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் பேண்டில் முதல் ஆள் பாட்டை வாசிப்பார். இரண்டாமவர் அவரோடு ஒட்டிக்கொண்டு போவார். மூன்றாமவனான நான் நடுநடுவே 'பாம், பாம்' என்று ஊதிவிட்டு அடுத்த 'பாம்' எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருப்பேன். கல்யாணமோ, சாவோ, திருநாளோ, எனக்கு அதே 'பாம்'தான். என் கல்யாணத்துக்கு எண்ணூரிலிருந்து வந்திருந்த என் மாமனார், "மாப்ள பேண்டுல கீறாருன்னாங்களே, இன்னா ஊதுவாரு?" என்று கேட்டபோது, என் தோஸ்து ஒருவன் 'பாம்' என்று வாயாலேயே ஊதிக் காட்டினான். பந்தலே சிரித்தது. அதை நான் மறக்கவில்லை.

அறுபதுகளின் கடைசியில் ஒரு வருடம் என் நேரம் திறந்தது. முதல் டிரம்பெட்காரர் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். இரண்டாமவருக்கு மேல் சுரத்தில் மூச்சு நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கோயிலுக்குப் பின்னால் நாங்கள் ஒத்திகை பார்க்கும் ஷெட்டில், மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேண்டை அவர்தான் நடத்தினார், எங்களுக்கு டிரம்பெட் ஊதக் கற்றுக்கொடுத்தார், எங்களை அவர்தான் மிரட்டினார்.

"தேரன்னிக்கி முனையில நீ ஊதற. சொதப்புன, டிரம்பெட்ட புடுங்கினு கையில ஜால்ரா குடுத்துருவேன்."

முனை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மாதா தேர் எல்லாத் தெருவும் சுற்றி வந்து, கடைசித் தெரு கடலில் முட்டுகிற இடத்தில் நிற்கும். அங்கே தேரைக் கடல் பக்கமாகத் திருப்புவார்கள், படகுகளெல்லாம் மாதாவின் பார்வையில் படட்டும் என்று. அந்த நேரம் பேண்டு மொத்தமும் வாயை மூடிக்கொள்ளும். ஒரே ஒரு டிரம்பெட் மட்டும் மாதா பாட்டைத் தனியாக வாசிக்கும். கட்டுமரக்காரர்கள், துறைமுகக் கூலிகள், ரயில்வேக்காரர்கள், தண்டையார்பேட்டையிலிருந்து வேடிக்கை பார்க்க வரும் பாய்மார்கள் என்று ஆயிரக்கணக்கான பேர் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பார்கள். அதை நான் ஊதப்போகிறேன்! வீட்டுக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். என் மனைவி அடுப்பில் மீன் குழம்பை வைத்துவிட்டு நின்றிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கரண்டியோடு கட்டிக்கொண்டாள்.

"எங்க நைனாவ வரச்சொல்லு மாமா. எண்ணூரே வரட்டும்," என்றாள்.

எண்ணூரே வரட்டும் என்று நானும் சொன்னேன். மாமனாருக்குக் கார்டு போட்டேன். அதில் நான் எழுதியதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவ்வளவு பீற்றல்.

மூன்றாம் நாள் காலையில் டீக்கடையில் அது ஆரம்பித்தது. டீ சூடாக உள்ளே போனதும் வலது பக்கக் கீழ்க் கடைவாயில் யாரோ ஆணி அடித்தது போல ஒரு வலி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீயை வைத்துவிட்ட பிறகும் போகவில்லை, கால் மணி நேரம் நின்று குத்தியது. அந்தப் பல்லில் ஒரு சொத்தை இருப்பது எனக்கு முன்பே தெரியும். இனிப்பு பட்டால் கூசும், நாக்கால் தடவிவிட்டு மறந்துவிடுவேன். இது அந்தக் கூச்சம் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் பல் டாக்டரிடம் போயிருப்பான் என்று நினைக்கிறீர்களா? ராயபுரத்தில் அன்றைக்கு யாரும் போயிருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம். நான் போகாததற்குத் தனிக் காரணம் உண்டு. எங்கள் பேண்டில் ஒரு சட்டம் இருந்தது. பல காலம் முன்பு ஒரு நல்ல டிரம்பெட்காரருக்குத் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சின் கைப்பிடி அடித்து முன்பல் இரண்டும் போய்விட்டன. அதன்பின் அவர் ஊதினால் பாட்டுக்குப் பதில் 'புஸ்' என்று காற்றுதான் வந்ததாம். அன்றிலிருந்து மாஸ்டரின் வாயில் ஒரே பேச்சு: "பல்லுல கை வெச்சா காத்து ஒயுகும். பல்லாஸ்பத்திரி வாசல மிதிச்சவன் என் டிரம்பெட்ட தொடக்கூடாது." எந்தப் பல் என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அதனால் எங்கள் பேண்டில் ஊதுகிறவர்கள் யாரும் பல்வலியை வெளியே சொல்வதே கிடையாது. கன்னம் வீங்கினால் குளவி கொட்டியது என்பான் ஒருவன். வருடத்துக்கு மூன்று பேரையாவது குளவி கொட்டும்.

நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்கென்ன குறை? நான் வேலை செய்தது ஐஸ் கம்பெனியில்! காசிமேட்டுப் பக்கம், மீனுக்கு ஐஸ் போடுகிற கம்பெனி. உப்புத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து தகர டப்பாக்களைச் சங்கிலி போட்டுத் தூக்கி, ஆளுயர ஐஸ் பாரைக் கவிழ்த்து, கொக்கியால் இழுத்துத் தள்ளுவது என் வேலை. வலி தாங்காமல் அன்று ஒரு சில்லை எடுத்துக் கடைவாயில் அடக்கினேன். என்ன ஆச்சரியம்! வலி பட்டென்று அடங்கிவிட்டது. சில் கரைந்ததும் திரும்ப வந்தது. இன்னொரு சில். மறுபடி அடங்கியது. மருந்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த பத்து நாளும் ஐஸ்தான் என் சாப்பாடு. டிபன் டப்பாவில் மரத்தூளைப் போட்டு, நடுவில் துணியில் சுற்றிய ஐஸை வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவேன். படுக்கையில் தலையணைக்குப் பக்கத்தில் அந்த டப்பா. தூக்கத்தில் வலி எழுப்பிவிடும், ஒரு சில்லை அடக்கிக்கொண்டு திரும்பப் படுப்பேன். ஒத்திகைக்குப் போகும்முன் ஷெட்டுக்குப் பின்னால் நின்று ஒரு சில், ஊதி முடித்ததும் ஒரு சில். வாசிப்பு மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. அந்த மேல் சுரத்தைப் பிடிக்கும்போது எனக்கே மயிர்க்கூச்செறியும். ஒரு நாள் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் கண்ணை மூடிக் கேட்டு யாரும் பார்த்ததில்லை.

என் மனைவிதான் சும்மா விடவில்லை.

"இன்னா மாமா, எறா தொக்கு வெச்சா துன்ன மாட்ற, சோத்த ஆறவெச்சி துன்ற, எந்நேரமும் ஐஸு. இன்னா பண்ணுது உனுக்கு?"

"ஊதறவனுக்குத் தொண்ட சூடு ஆவக்கூடாது," என்றேன். அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பதினோராம் நாள் காலை எழுந்தேன். வலி இல்லை. நாக்கால் தட்டிப் பார்த்தேன், இல்லை. தண்ணீரைச் சூடு பண்ணிக் கொப்பளித்தேன், இல்லவே இல்லை! ஐஸ் என் பல்லைக் குணமாக்கிவிட்டது! குதித்தேன். நேராகப் பாய் கடைக்குப் போய்ச் சுடச்சுடப் பாயா சொல்லி, ஆப்பத்தை முக்கி முக்கி இரண்டு கடைவாயிலும் போட்டு மென்றேன். பத்து நாள் பட்டினிக்குப் பழி வாங்கினேன். கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம், "பல்லு வலின்னா என்கிட்ட வாங்க," என்று வைத்தியம் சொல்ல ஆரம்பித்தேன். ஒருவன் உண்மையிலேயே வந்து ஐஸ் வாங்கிக்கொண்டு போனான். பாவம்.

அதற்கு மூன்றாம் நாள் கோயிலில் கொடியேற்றம். கொடி ஏறிப் பத்தாம் நாள் தேர். கொடியேற்றத்தன்று காலையில் கண் விழித்தபோது என் வலது கன்னம் என்னுடையதாக இல்லை. தாடைக்குக் கீழே கல்லு மாதிரி வீங்கியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. டிரம்பெட்டை எடுத்து உதட்டில் வைத்துப் பார்த்தேன். வாயே திறக்கவில்லை, எங்கிருந்து ஊதுவது?

"குளவி கொட்டிச்சி," என்றேன் மனைவியிடம், பல்லுக்கு நடுவில்.

"குளவி உனுக்கு வாய்க்குள்ள பூந்து கொட்டிச்சா? தொற வாய."

திறந்தேன்.

"இன்னும் தொற."

"முடியல."

அவள் தன் விரல் இரண்டைச் சேர்த்து என் பல்லுக்கு நடுவில் வைத்துப் பார்த்தாள். ஒரு விரலே போகவில்லை. "எச்சில முயுங்கு," என்றாள். விழுங்கினேன். விழுங்கும்போது என் முகம் போன கோணலைப் பார்த்ததும் அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பேண்டும் வாணாம், கொடியும் வாணாம். எயுந்துரு."

மாஸ்டர் சட்டம், தேர், முனை, மாமனார், கார்டு என்று நான் முனகிய எதையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொடியேற்றத்துக்கு ஜனங்கள் கோயிலை நோக்கி வந்துகொண்டிருக்க, நாங்கள் இருவர் மட்டும் எதிர்ப்பக்கம் நடந்து பஸ் ஏறினோம். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன். பேண்டுக்காரன் எவனாவது பார்த்துவிடுவானோ என்றுதான் அப்போதும் என் பயம். உயிரைப் பற்றி எனக்குப் பயமே வரவில்லை, அந்த அளவுக்கு முட்டாளாக இருந்தேன்.

பல் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தது ஒரு டாக்டரம்மா. என் வயதுதான் இருக்கும். வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரிசையாகக் கேள்வி கேட்டார். சூடு பட்டால் வலித்ததா? வலித்தது. பட்டதும் போய்விட்டதா, நின்று வலித்ததா? நின்று வலித்தது. தூக்கத்திலிருந்து எழுப்பியதா? எழுப்பியது. ஜில்லென்று பட்டால்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். திறக்காத வாயோடு பெருமையாகச் சொன்னேன்: "ஐஸ் வெச்சா ஷோக்கா அடங்கிரும் டாக்டரம்மா. அதுலதான் வலியே நின்னு போச்சி."

அவர் கையிலிருந்த, பல் பார்க்கும் கண்ணாடிக் குச்சியைத் தட்டில் போட்டார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"ஏம்ப்பா, சொத்தைப் பல்லுன்னா ஜில்லுன்னு பட்டா கூசணும். கூசிட்டு உடனே போயிடணும். அப்ப வந்திருந்தா அடைச்சு அனுப்பியிருப்பேன். சூடு பட்டா நின்னு வலிக்குது, ஐஸ் வெச்சாத்தான் அடங்குதுன்னா, உள்ள நரம்பு செத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அது செத்தப்புறம் வலி நின்னுது. அதைத்தான் நீ குணம்னு கொண்டாடியிருக்கே. செத்தது அங்கேயே அழுகி, சீழ் பிடிச்சு, இப்ப கழுத்துக்கு இறங்குது. வாய் திறக்கல, காய்ச்சல் அடிக்குது, விழுங்க முடியல. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா மூச்சுக் குழாயை அடைச்சிருக்கும்."

எனக்கு அப்போதுதான் உயிர்ப் பயம் வந்தது.

அன்றே கீறிச் சீழை எடுத்தார்கள். தினமும் பென்சிலின் ஊசி. ஐந்தாம் நாள் வாய் திறந்தது, பல்லைப் பிடுங்கினார்கள். பிடுங்குமுன் என் பெரிய பயத்தைக் கேட்டேவிட்டேன்: "டாக்டரம்மா, டிரம்பெட் ஊதறவன் நான். பல்லு போனா காத்து ஒயுகுமாமே?"

"டிரம்பெட்டை எங்கே வைப்பே?"

உதட்டின் நடுவில் தொட்டுக் காட்டினேன்.

"இந்தப் பல்லு எங்க இருக்கு?"

கடைவாயைத் தொட்டுக் காட்டினேன். என் விரல் அங்கேயே நின்றுவிட்டது. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? ஆனால் அடுத்ததாக அவர் சொன்னதில் சிரிப்பு போய்விட்டது. பிடுங்கிய இடத்தில் ரத்தம் கட்டி ஆற வேண்டும், ஊதினால் பிய்ந்துகொண்டு வந்துவிடும், இரண்டு வாரத்துக்கு டிரம்பெட்டைத் தொடக்கூடாது என்றார். தேருக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதேன். இருபத்தாறு வயது ஆண்பிள்ளை, போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதேன். வலித்ததற்கு அழவில்லை. ஆறு வருடம் 'பாம்' ஊதிவிட்டு, ஒரு தடவை பாட்டு கிடைத்தபோது அதை நானே ஐஸ் போட்டுச் சாகடித்ததற்கு அழுதேன். கூசிய அன்றைக்கே வந்திருந்தால் ஒரு மணி நேர வேலை.

மறுநாள் சாயங்காலம் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். விஷயம் தெரிந்துவிட்டது. வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

"பல்ல புடுங்கிகினியாமே! இன்னா தெகிரியம்டா உனுக்கு! முனையில யாரு ஊதறது, நானா?"

என் மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் திட்டிக்கொண்டே டம்ளரை எடுத்தார், உதட்டருகே கொண்டுபோனார், ஊதினார், கீழே வைத்தார். திரும்ப எடுத்தார். தலையை இடது பக்கமாகச் சாய்த்து ஒரு மடக்கு. அப்படியும் ஒரு கண் லேசாகச் சுருங்கியது. எனக்குப் பொறி தட்டியது. அந்தச் சாய்ப்பு நான் பத்து நாள் சாய்த்த சாய்ப்பு!

"மாஸ்டர், உங்களுக்கு எந்தப் பல்லு?"

"இன்னா பல்லு? குளவி..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன். என் வயிற்றெரிச்சல், அழுகை எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, அவ்வளவு பரபரப்பு. டாக்டரம்மா கேட்ட கேள்வியை எல்லாம் அதே வரிசையில் கேட்டேன். "சூடு பட்டா நின்னு வலிக்கிதா, சட்டுனு போய்ருதா?"

"சட்டுனு போய்ரும்."

"தூக்கத்துல எயுப்புதா?"

"இல்ல."

"ஐஸ் வெச்சா நல்லா கீதா?"

"ஐஸா! ஜில்லுனு பட்டாலே கூசும்டா, நீ வேற."

"கூசுதா!" என்று கத்தினேன். என் கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "கூசுதுன்னா உசுரோட கீது மாஸ்டர்! நாளைக்கே வர்றீங்க!"

அவர் வர மறுத்தார். பேண்டு சட்டத்தைச் சொன்னார். நான் உதட்டையும் கடைவாயையும் தொட்டுக் காட்டினேன். அவர் தன் உதட்டைத் தொட்டார், தன் கடைவாயைத் தொட்டார், திரும்ப உதட்டைத் தொட்டார். மறுநாள் காலை நான் இழுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டவர் இந்தத் தடவை அவர். டாக்டரம்மா பார்த்துவிட்டு, சொத்தையைச் சுரண்டி வெள்ளியால் அடைத்து, ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிட்டார். "உங்க மாஸ்டர் உன்னைவிடக் கெட்டிக்காரர், சரியான நேரத்துக்கு வந்துட்டார்," என்று என்னிடம் சொன்னார். மாஸ்டர் அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார்.

தேர் அன்றைக்கு என் கையில் பெரிய டிரம்மைக் கொடுத்தார்கள். ஜால்ரா இல்லையே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன். பூவும் விளக்குமாகத் தேர் அசைந்து வந்து கடைசித் தெருவின் முனையில் நின்றது. பேண்டு அடங்கியது. கடல் சத்தம் மட்டும். எண்ணூரிலிருந்து இருபது பேரோடு வந்து முன்வரிசையில் இடம் பிடித்திருந்த என் மாமனார், டிரம்பெட்டை மாஸ்டர் எடுப்பதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த அமைதியில் அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"இன்னா மாப்ள, ஊதறேன்னு எயுதி எல்லாரியும் வரவெச்சிட்டு, நீ மோளம் அடிச்சிகினு கீற?"

நான் டிரம்முக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். என் மனைவி முன்னால் வந்தாள்.

"கம்னு இரு நைனா. இன்னும் ரெண்டு நாளு அந்த ஐஸ வெச்சிகினு இருந்திருந்தா, இதே பேண்டு இவுருக்கு முன்னாடி வாசிச்சிகினு போயிருக்கும். நீ அதுக்கும் வந்திருப்ப."

சாவுக்கு நாங்கள் வாசித்துக்கொண்டு போகும் தெருவும் அதே தெருதான். எத்தனை பேருக்கு முன்னால் அதில் 'பாம், பாம்' என்று ஊதிக்கொண்டு நடந்திருக்கிறேன்! மாமனார் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மாஸ்டர் டிரம்பெட்டை உதட்டில் வைத்தார். அந்தப் பாட்டை அவர் அவ்வளவு சுத்தமாக வாசித்து நான் கேட்டதில்லை, ஒரு துளிக் காற்று ஒழுகவில்லை. மேல் சுரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டு, டிரம்பெட்டை இறக்காமலேயே கண்ணால் எனக்குச் சைகை காட்டினார்.

அடுத்த வருடம் அதே முனையில் நான்தான் ஊதினேன். நன்றாக ஊதினேன் என்று மாமனாரே சொன்னார். ஆனாலும் முனை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது முந்தின வருடம்தான். தேர் நகர வேண்டுமென்றால் டிரம்மில் அடி விழ வேண்டும், மாஸ்டர் அதற்குத்தான் கண் காட்டினார். நான் உயிரோடு இருக்கிறேன், வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, எதிரே என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். குச்சியை ஓங்கி என் பலம் முழுவதும் சேர்த்து அடித்தேன். தேர் நகர்ந்தது.